748.98 கிகாவாட் வந்த வழி

இந்திய நிலப்பரப்பின் மீது ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 லட்சம் கோடி யூனிட் ஆற்றல் வெயிலாக விழுகிறது. சூரிய மின்சக்தி பற்றிய அரசு அறிக்கைகள் பெரும்பாலும் இந்த வரியோடுதான் தொடங்கும். நாடு ஓராண்டில் உற்பத்தி செய்யும் மொத்த மின்சாரம் 1.8 லட்சம் கோடி யூனிட் அளவில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எவருக்கும் மலைப்பு வரும். என் வேலை அந்த மலைப்பிலிருந்து இறங்கி வருவது. வயல், காடு, ஊர், ஏரி, செங்குத்துச் சரிவு எல்லாவற்றையும் கழித்த பிறகு சூரியப் பலகை பதிக்க எவ்வளவு இடம் மிஞ்சும், அங்கே விழும் வெயிலில் எத்தனை யூனிட் கம்பி ஏறும் என்று சொல்ல வேண்டும். ஒரு நாட்டின் சூரிய மின் வளம் என்று செய்தித்தாளில் வரும் எண் இப்படிக் கழித்துக் கழித்துக் கிடைப்பதுதான்.

2014இல் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் இந்தியாவுக்கு அந்த எண்ணை வெளியிட்டது: 748.98 கிகாவாட். பத்தாண்டுக்கும் மேலாகப் பாடநூலிலும் நாடாளுமன்றப் பதில்களிலும் அது சொல்லப்பட்டு வந்தது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருப்பதால் யாரோ தராசில் நிறுத்துக் கொடுத்தது போல இருக்கும். அதன் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். நாட்டின் தரிசு நில வரைபடப்படி அன்றைக்கு இருந்த தரிசு சுமார் 4.67 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 3 சதவீதத்தில் பலகை பதிக்கலாம் என்று வைத்துக்கொள்கிறோம். 14,000 சதுர கிலோமீட்டர் வருகிறது. ஒரு மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் என்றால் ஒரு சதுர கிலோமீட்டரில் 50 மெகாவாட் நிற்கும். பெருக்கினால் 700 கிகாவாட். மாநிலவாரியாகச் சற்று நுணுக்கமாகப் போட்டால் 748.98க்குப் பக்கத்தில் வந்துவிடுவோம்.

இந்தக் கணக்கில் வெயில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததோ வெயிலை அளப்பதற்காக.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாலை ஆற்றல் நிறுவனத்துக்கு அப்போது காற்றாலை ஆற்றல் தொழில்நுட்ப மையம் என்று பெயர். காற்றை அளந்து பழகிய அந்த இடத்திடம்தான் மத்திய அரசு வெயிலை அளக்கும் பொறுப்பையும் கொடுத்தது. ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின் திட்டம் 2010 ஜனவரியில் தொடங்கியது. 2022க்குள் 20 கிகாவாட் என்பது இலக்கு. முதலீடு செய்ய வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, ‘தரையில் அளந்த கணக்கு எங்கே?’ 2011இல் முதல் கட்டமாக 51 நிலையங்கள் நிறுவப்பட்டன. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அதிகம். அந்தப் பணிக்குக் கிளம்பிய களக் குழுவினரில் நானும் ஒருவன்.

அதற்கு முன்பு நாட்டில் யாரும் அளக்கவில்லை என்று சொல்வது பெரிய அநியாயம். 1957இல் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி இந்திய வானிலைத் துறைக்குக் கதிர்வீச்சு நிலையங்களை அமைத்தவர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி.ராமனிடம் ஆய்வு செய்தவர். கருவிகளை இறக்குமதி செய்துகொண்டே இருக்க முடியாது என்று உள்நாட்டிலேயே செய்யவும் தரப்படுத்தவும் வைத்தார். 1980இல் அவர் வெளியிட்ட இந்தியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு எங்கள் அலமாரியில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நேரடியாகக் கதிர்வீச்சை அளந்த ஊர்கள் அன்று மிகக் குறைவு. மற்ற ஊர்களுக்கு, கண்ணாடி உருண்டை அட்டையைச் சுட்டுக் கருக்கிய கோட்டின் நீளத்திலிருந்து வெயில் நேரத்தை எடுத்து, அதைக்கொண்டு கதிர்வீச்சைக் கணித்தார்கள். அப்படிக் கணித்த எண்களைப் பிறகு நாங்கள் நிமிடத்துக்கு நிமிடம் அளந்தவற்றோடு ஒப்பிட்டபோது, எவ்வளவு குறைந்த வசதியில் எவ்வளவு அக்கறையாக அந்த வேலை நடந்திருக்கிறது என்பது புரிந்தது.

எங்கள் நிலையத்தில் இரண்டு கம்பங்கள். ஒன்றரை மீட்டர் உயரமுள்ளதில் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் ட்ராக்கர் இருக்கும். அதன் மேல் மூன்று கருவிகள். வானம் முழுவதிலிருந்தும் தட்டைப் பரப்பில் விழும் மொத்தக் கதிரை ஒரு பைரனோமீட்டர் அளக்கும். சூரியன் மறைக்கப்பட்ட நிழலில் உட்கார்ந்து பரவல் கதிரை மட்டும் அளப்பது இன்னொரு பைரனோமீட்டர். குழல் போன்ற பைர்ஹீலியோமீட்டர் சூரியத் தட்டையே நேராகப் பார்த்து நேர்க்கதிரை அளக்கும். ஆறு மீட்டர் கம்பத்தில் காற்று, வெப்பம், ஈரப்பதம், மழை. மின்சாரம் நிலையத்தின் சொந்தப் பலகையிலிருந்தே. நொடிக்கு ஒரு முறை அளந்து, நிமிடச் சராசரியாக்கி, மொபைல் இணைப்பு வழியே சென்னைக்கு அனுப்பிவிடும்.

மூன்று கருவிகள் எதற்கு என்று கேட்பார்கள். நேர்க்கதிரைச் சூரியனின் கோணத்துக்கு ஏற்ப மாற்றிப் பரவல் கதிரோடு கூட்டினால் மொத்தக் கதிர் வர வேண்டும். ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். ட்ராக்கர் சற்று விலகினால் பைர்ஹீலியோமீட்டரின் எண் சரியும். அதே நேரம் நிழலில் இருக்க வேண்டிய கருவியின் மேல் வெயில் படுவதால் அதன் எண் ஏறும். இரண்டும் சேர்ந்து நடந்தால் கருவியின் திசை கெட்டிருக்கிறது என்று சென்னையில் இருந்தே சொல்லிவிடலாம். இரவிலும் கருவியைப் பார்க்க வேண்டும். மேகமற்ற இரவில் பைரனோமீட்டரின் கண்ணாடிக் கூடு வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்வதால், சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று வாட் கழித்தல் குறியோடு காட்டும். அது இயல்பு. இரவு முழுக்கச் சுத்தமான பூஜ்யம் வந்தால், இடையில் யாரோ எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவேன்.

மேகக் கூட்டத்தின் விளிம்பில் ஒளி தெறித்து, சில நொடிகளுக்கு மொத்தக் கதிர் தெளிந்த வானத்தின் அளவையும் மீறி ஏறும். புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் பிழை என்று அழித்துவிடுவார்கள். மின் நிலையத்தின் இன்வெர்ட்டர் அந்த ஏற்றத்தையும்தான் தாங்கியாக வேண்டும்; அழிக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஆனால் எங்கள் எண்களின் தரத்தைத் தீர்மானித்தது ஒரு துணி. காலையில் நிலையக் காவலர் கண்ணாடிக் கூட்டைத் துடைக்க வேண்டும். துணி மேலே படும் அந்த அரை நிமிடம் பதிவில் ஒரு பள்ளமாக விழும். பள்ளத்திலிருந்து எழும் கோடு பழைய உயரத்துக்கே வந்தால் கண்ணாடி சுத்தமாக இருந்திருக்கிறது. நாலு சதவீதம் உயர்ந்து நின்றால், அந்த நாலு சதவீத வெயிலை நேற்றுவரை தூசி தின்றிருக்கிறது. பள்ளமே விழாத நாட்களும் உண்டு. தென் மாவட்ட நிலையம் ஒன்றில் அப்படி வரவும் போன் செய்தேன்.

“அண்ணே, மூணு நாளா கண்ணாடி தொடைக்கலையா?”

“மெட்ராஸ்ல உக்காந்துகிட்டு உங்களுக்கு எப்படி தம்பி தெரியுது?”

அடுத்த முறை போகும்போது அவருடைய நிலையத்தின் ஒரு வாரப் பதிவைப் படமாக அச்செடுத்துக்கொண்டு போனேன். அவர் துடைத்த நாட்களின் பள்ளங்களை விரல் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்: எந்த மணிக்குத் துடைத்தது, எந்த மைனா எச்சமிட்டது, எப்போது தூறல் விழுந்தது, பக்கத்துக் காட்டில் எப்போது கரிமூட்டம் புகைந்தது. கரிப்புகை நாளில் நேர்க்கதிர் ஏன் சரிந்தது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகளுக்கு அந்த நோட்டில் பதில் இருந்தது. 2015இல் இந்தியச் சூரியக் கதிர்வீச்சு வரைபடம் வெளிவந்தபோது நான் முதலில் நினைத்தது அவரைத்தான். அப்படிப்பட்ட காவலர்களின் பெயர்கள் எந்த அறிக்கையிலும் அச்சாவதில்லை. ஆக வேண்டும் என்று இன்றும் சொல்லிவருகிறேன்.

தரையில் அளப்பதற்கு இத்தனை பாடு எதற்கு, செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்க்கிறதே என்பார்கள். செயற்கைக்கோள் மேகத்தை மேலிருந்து பார்க்கிறது. பத்து, இருபது ஆண்டுப் பதிவு அதனிடம் இருக்கிறது. அது தரையில் எவரிடமும் இல்லாத செல்வம். ஆனால் காற்றில் மிதக்கும் தூசியையும் புகையையும் பெரும்பாலும் மாதிரிக் கணக்கிலிருந்து இரவல் வாங்குகிறது. வெளிர் மணலையும் பனியையும் மேகத்திலிருந்து பிரித்தறியத் தடுமாறுகிறது. மொத்தக் கதிரில் இதனால் வரும் பிழை சிறியது. தூசியில் சிதறிய ஒளி பரவல் கதிராகவேனும் தரைக்கு வந்துவிடும், சாதாரணப் பலகை அதையும் மின்சாரமாக்கிவிடும். நேர்க்கதிரில் அப்படி இல்லை. சிதறியது போனதுதான். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி எடுக்கும் நிலையங்களுக்கு நேர்க்கதிர் மட்டுமே உணவு.

2010இன் இறுதியில் இத்தகைய குவிப்பு நிலையங்களுக்கு 470 மெகாவாட் ஒதுக்கினார்கள். பாதிகூட எழவில்லை. நிதி, கருவி, காலக்கெடு என்று காரணங்கள் பல. எதிர்பார்த்த அளவு நேர்க்கதிர் மண்ணில் இல்லை என்பது அவற்றுள் முக்கியமானது. தார்ப் பாலைவனத்தில் மே, ஜூன் மாதங்களில் வானத்தில் ஒரு மேகம் இருக்காது. ஆனாலும் நண்பகல் வானம் நீலமாக இருக்காது, வெளுத்துப் பால்போல இருக்கும். கையை நீட்டினால் நிழலின் விளிம்பு மங்கி விழும். ராஜஸ்தான் என்றால் உச்ச வெயில் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருகிற பொறியாளரை வெளியே கூட்டிப்போய் அந்த நிழலைக் காட்டுவேன். லே நகரத்தில் நிழல் கத்தியால் வெட்டியது போல விழும். உயரம், வறண்ட காற்று, தூசி குறைவு. அங்கே குளிரும் சேர்ந்துகொள்கிறது. பலகை 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் திறனை இழக்கும். கோடையில் பலகையின் சூடு 60 டிகிரியைத் தாண்டுகிற ஊர்களில் இது சில்லறை இழப்பு இல்லை.

ஆக, கவனமாக அளந்தால் ஓர் இடத்தின் மொத்தக் கதிரைச் சில சதவீதப் பிழைக்குள் சொல்லிவிடலாம். ஓராண்டுக்கும் மறு ஆண்டுக்கும் இடையிலான வேறுபாடும் சில சதவீதம்தான். இந்தியாவின் பெரும்பகுதியில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 7 யூனிட் வரை விழுகிறது என்ற பழைய வரியை எங்கள் அளவுகள் கூர்மையாக்கினவே தவிர, கவிழ்த்துவிடவில்லை. ஒரு மாநிலத்துக்கும் அடுத்த மாநிலத்துக்கும் உள்ள வேறுபாடும் மிகப் பெரிதல்ல. கணக்கின் பெரும் ஐயம் முழுவதும் கீழே, நிலத்தில் இருக்கிறது. 3 சதவீதம் என்றால் 749 கிகாவாட். 6 என்றால் அதுபோல இரண்டு மடங்கு. ஒன்றே ஒன்று என்றால் 250. வெயிலுக்கு நாங்கள் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியையாவது அந்த 3க்கு யாரேனும் செலவிட்டார்களா என்ற கேள்விதான் என்னைக் கருவியை விட்டு நில ஆய்வின் பக்கம் தள்ளியது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிக்கு அருகே 2016இல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது, சுமார் 2,500 ஏக்கரில். அதன் பிறகு அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் முதலீட்டாளர்களின் வரைபடத்தில் ஏறிவிட்டது. நானும் வரைபடத்தோடு போனேன். செயற்கைக்கோள் படத்தில் ‘புதர் நிலம்’ என்று நிறமிடப்பட்டிருந்த பரப்பில் நின்றேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. உள்ளே நடந்தால் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் இருந்தன. வெட்டிய விறகு எந்தக் கணக்கிலும் இல்லாத கூலியாக அங்கே அடுக்கியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

“இது யாருக்கும் ஆகாத எடம்னு போட்டிருக்கா தம்பி?”

“ஆமாங்கய்யா, படத்துல அப்படித்தான் இருக்கு.”

“இப்போ அப்படித்தான் தெரியும். ஐப்பசியில வந்து பாரு. தண்ணி இது வழியாத்தான் கண்மாய்க்குப் போகும். இதை மேடாக்கினா கண்மாய் நிறையாது, கீழ நெல்லு இல்ல.”

சொன்னபடி மழைக்காலத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்துக்கு நீர் பரந்து, புதர்களுக்கு ஊடே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. படத்தில் கண்மாய்க்கு எல்லை உண்டு, வரத்துக்கால்களுக்கும் கோடு உண்டு. கோடில்லாமல் பரந்து வரும் நீருக்கு நிறமே கொடுக்கப்படவில்லை. வருவாய்த் துறையின் பதிவேட்டில் அதே நிலம் சில சர்வே எண்களில் மேய்க்கால் புறம்போக்காகவும், சிலவற்றில் யார் பெயரிலோ பட்டாவாகவும் இருந்தது. அன்று முதல் எந்த இடத்துக்கும் கோடையில் ஒரு முறையும் மழையில் ஒரு முறையும் போகாமல் ‘தகுதியானது’ என்று எழுத மறுத்தேன். திட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆறு மாதம் தாமதம் என்றார்கள். இருபத்தைந்து ஆண்டு நிற்கப்போகும் நிலையத்துக்கு ஆறு மாதம் பெரிதில்லை என்பது என் கட்சி.

ஜெய்சல்மேர் பக்கம் இதே கதை வேறு உருவத்தில் நடந்தது. அங்கே ஊர் தெய்வத்தின் பெயரால் வெட்டாமல் காத்துவரும் ஓரண் என்ற பொதுக் காடுகளில் ஒட்டகமும் ஆடும் மேய்கின்றன. படத்தில் அவையும் திறந்தவெளிப் புதர்தான். கானமயில் என்ற பெரும்பறவையின் கடைசி வாழிடமும் அதே சமவெளி. மின்கம்பிகளில் மோதி அவை இறப்பதால், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தப் பரப்பில் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொன்னது. 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவை அமைத்தது. வள மதிப்பீட்டை முதலிலேயே பறவையையும் மேய்ச்சலையும் கழித்துச் செய்திருந்தால் இந்த வழக்கின் பெரும்பகுதிக்கே வேலை இருந்திருக்காது.

மாநிலவாரிப் பட்டியலை இந்தக் கண்ணோடு படித்தால் பல விஷயம் தெளியும். 2014 பட்டியலில் முதலிடம் ராஜஸ்தான், 142.31 கிகாவாட். இரண்டாமிடம் அன்றைய ஜம்மு காஷ்மீர், 111.05. லடாக்கின் பாறையும் பனியும் தரிசுக் கணக்கில் பேரளவு சேர்ந்ததுதான் காரணம். பத்தாண்டு கழிந்தும் அங்கே நிறுவப்பட்டது ஒரு கிகாவாட்டைக்கூட எட்டவில்லை. வெயிலுக்குக் குறையில்லை, அதை இறக்கிக் கொண்டுவரக் கம்பி இல்லை. பாங் சமவெளியிலிருந்து ஹரியானாவின் கைத்தல் வரை இமயத்தைக் கடந்து கம்பி இழுக்க 2023இல்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மறுபக்கம் தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டியல் கொடுத்தது வெறும் 17.67 கிகாவாட். அதில் பாதிக்கு மேல் இப்போதே நிறுவியாகிவிட்டது. 10 கிகாவாட்டைத் தாண்டிவிட்டோம். துணைமின் நிலையம் பக்கத்தில் இருந்தது, வாங்க ஆலைகள் இருந்தன, ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கில் மழை கொட்டும்போது இங்கே வெயில் அடித்தது. காற்றாலைகளோடு கம்பியைப் பகிர்ந்துகொள்ளவும் முடிந்தது.

கூரைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2023இல் எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் மன்றம் வெளியிட்டது. வீட்டுக் கூரைகளில் தொழில்நுட்பப்படி 637 கிகாவாட் முடியும் என்றார்கள். வீட்டின் மின் செலவுக்கு ஏற்ற அளவு மட்டும் வைத்தால் 118 கிகாவாட். போட்ட பணம் ஐந்தாண்டில் திரும்ப வேண்டும், வீட்டுக்காரருக்கு விருப்பமும் வேண்டும் என்றால் 11. மூலதன மானியம் கொடுத்தால் 32. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே கூரைகள். நான்கு எண்களையும் வெளிப்படையாக அடுத்தடுத்து அச்சிட்டதற்காகவே அதை மாணவர்களுக்குக் கொடுக்கிறேன்.

2025இல் நாட்டின் தரை நிலையங்களுக்கான மதிப்பீட்டைப் புதுப்பித்தார்கள். எண் 3,300 கிகாவாட்டைத் தாண்டிவிட்டது. பழையதைவிட நான்கு மடங்குக்கும் மேல். சூரியன் அப்படியேதான் இருக்கிறது. பலகையின் திறன் கூடியிருக்கிறது; அன்று 15 சதவீதம் மாற்றிய பலகை இன்று 21, 22 சதவீதம் மாற்றுகிறது. நிலத்தின் பங்கும் கூட்டப்பட்டது. சரிவு, சாலை, துணைமின் நிலையத் தூரம் எல்லாம் கணினி வரைபடத்தில் அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கப்பட்டன. முன்னைவிட இது பல மடங்கு நல்ல வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேய்ச்சலுக்கு இன்னும் ஓர் அடுக்கு வேண்டும். மழைக்கால நீரோட்டத்துக்கு ஓர் அடுக்கு வேண்டும். இரண்டையும் செயற்கைக்கோள் தராது. ஊராட்சி ஊராட்சியாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். ராஜஸ்தானில் நண்பகல் நேரத்து மின்சாரத்தை வெளியே கொண்டுபோகக் கம்பியில் இடமில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நிலை வந்துவிட்டதால், எத்தனை கிகாவாட் என்பதோடு எந்த மணிக்கு என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது சில இளைஞர்களோடு சேர்ந்து தென் மாவட்டங்களில் ஒவ்வொரு கண்மாய்க்கும் நீர் வரும் பரப்பை மழைக்காலத்தில் நடந்து வரைந்துகொண்டிருக்கிறோம். சர்வே எண் வாரியாகத் தயாராகிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், ஆடு மேய்ப்பவர்கள் சொன்ன தடம், எங்கள் பழைய நிலையங்களின் பத்தாண்டு வெயில் பதிவு மூன்றையும் ஒரே தாளில் பதிகிறோம். முடிந்த ஒன்றியங்களில் பழைய படத்தின் ‘புதர் நிலம்’ கணிசமாகச் சுருங்கியிருக்கிறது. மிஞ்சியது யாரும் வழக்குப் போடாத நிலம், கம்பிக்குப் பக்கத்து நிலம். வருகிற ஐப்பசியில் திருவாடானைப் பக்கம் போக வேண்டும்.